இருநூறுக்கு 272

பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருக்கிற வருஷம் உங்களுக்கு வந்து போய்விட்டதா? போயிருந்தால், என் கையைப் பிடித்து ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கலாம். இன்னும் வரவில்லையென்றால் கொஞ்சம் உட்காருங்கள். மே மாதம் ரிசல்ட் வந்த நாளிலிருந்து தெருவில் எவரும் உங்களை "சாப்பிட்டாச்சா?" என்று கேட்க மாட்டார்கள். வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, "கட்-ஆஃப் எவ்வளவு சார்?" என்பார்கள். உறையூரில் இத்தனை வருஷமாகக் குடியிருக்கிறேன். தண்ணீர் லாரி வந்தால்கூட யாரும் எனக்குக் குரல் கொடுத்ததில்லை. இப்போது மாவு மில்லில் எனக்கு முன்னால் நின்ற பெண்மணி தன் அரிசித் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, என்னை முன்னால் விட்டு விசாரித்தார்.

பெருமையாகத்தான் இருந்தது. மகள் கணக்கில் 93, இயற்பியலில் 88, வேதியியலில் 91. பொறியியல் கலந்தாய்வுக்கு இந்த மூன்று பாடம்தான் பேச்சு என்று எங்கேயோ படித்திருந்தேன். கூட்டினேன். 272. மாவு மில்லில் சொன்னேன், அயர்ன் கடையில் சொன்னேன், பால் பூத்தில் யாரும் கேட்காமலேயே சொன்னேன். கடைசியாக எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் சொன்னேன். ஆயுள் முழுக்கக் கணக்கு வாத்தியாராக இருந்தவர்.

"எத்தனைக்கு?" என்றார்.

"இருநூறுக்குத்தான் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு என்னை மறுபடியும் பார்த்தார். "பொண்ணு உங்களை மாதிரி இல்லேன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு மகள் விளக்கினாள். கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வார்களாம். மற்ற இரண்டையும் பாதியாக்குவார்களாம். 44, 45.5. ஆக 182.5. "யார் யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள். பட்டியலைக் கேட்டதும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்று ராத்திரியே கிளம்பி, தெருத்தெருவாகக் கொடுத்திருந்ததில் 89.5 மதிப்பெண்ணைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். மாவு மில்லில் மட்டும் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். அங்கே இன்றைக்கும் என் மகளுக்கு 272தான்.

நான் ஒன்றும் படிக்காதவன் இல்லை. பி.ஏ. வரலாறு. எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. நான் பிளஸ் டூ முடித்த காலத்தில் மதிப்பெண் 1200க்கு. தொழிற்படிப்புக்கென்று தனியாக ஒரு நுழைவுத் தேர்வு 1984இலேயே வந்திருந்தது. 2006இல் சட்டம் போட்டு அதை எடுக்கும்வரை அது எத்தனையோ வீடுகளின் தூக்கத்தைக் கெடுத்தது. எங்கள் வீட்டில் மட்டும் எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். என் மதிப்பெண்ணுக்கு நுழைவுத் தேர்வு வைத்து வேறு தடுக்க வேண்டியதில்லை. கலைக் கல்லூரியில் விண்ணப்பம் நிரப்பும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவனிடம் பேனா இல்லை. என் பேனாவை வாங்கி, பாடம் என்ற இடத்தில் 'வரலாறு' என்று எழுதினான். பேனா என் கைக்குத் திரும்பி வந்தது. எழுதிப் பழகிவிட்ட பேனா. தானாகவே இன்னொரு தடவை எழுதிவிட்டது.

என் அப்பா எதுவும் கேட்கவில்லை. நான் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளியிடம், "பெரியவன், பன்னெண்டாவது" என்று அறிமுகம் செய்தார். நானும் பெரியவர் வாக்கை மறுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன கிழித்தேன் என்று என் மனைவி கேட்காத வருஷம் கிடையாது. இந்த வருஷம் அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கலந்தாய்வு வழியாகப் பொறியியல் சேரும் பிள்ளை அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக இருந்தால் கல்விக் கட்டணத்தில் வருஷத்துக்கு 25,000 ரூபாய் வரை சலுகை. ஆனால் அப்பா அம்மா பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அவள் பிளஸ் டூவோடு நிறுத்திக்கொண்டவள்.

"நான் படிக்காம இருந்து குடும்பத்துக்கு என்னால ஆனதைச் செஞ்சேன்" என்றாள். "நீங்களும் சும்மா இருந்திருந்தா நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம் மிச்சம்."

வரலாற்றால் விளைந்த சேதத்தை இவ்வளவு துல்லியமாக எந்த வரலாற்றாசிரியரும் கணக்கிட்டதில்லை.

முன்பெல்லாம் கலந்தாய்வு என்றால் ராத்திரி ரயிலேறிச் சென்னைக்குப் போய், கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் காத்திருந்து, பெரிய திரையில் காலியிடங்கள் கண்ணெதிரே கரைவதைப் பார்த்துத் தொண்டை வறண்டு ஒரு கல்லூரியைச் சொல்லிவிட்டு வர வேண்டும். 2018இலிருந்து ஆன்லைன் ஆகிவிட்டது. வீட்டிலேயே உட்கார்ந்து தொண்டை வறளலாம். ஆனால் நடைமுறையில் எங்கள் வட்டாரத்துக் கல்வி அமைச்சகம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருக்கிற பிரவுசிங் சென்டர்தான். அங்கே இருக்கிற தம்பிக்கு இருபது வயதிருக்கும். ஒரு கையில் டீ, ஒரு கையில் மவுஸ். எந்தக் கல்லூரிக்கு என்ன எண், போன வருஷம் எந்தப் பிரிவு எந்தச் சுற்றில் முடிந்தது எல்லாம் நுனிநாக்கில். வார்டில் பாதிப் பிள்ளைகளின் தலையெழுத்தை டைப் அடித்தவன். நீ என்ன படிச்சிருக்கே தம்பி என்று கேட்டேன்.

"பிளஸ் டூதான் சார். கணக்குப்பதிவியல் ஒரு பேப்பர் நிக்குது."

எனக்கு அவன்மேல் மரியாதை இன்னும் கூடியது. எந்தப் படிப்பின் பக்கமும் சாயாத நடுநிலை அவனுக்கு மட்டும்தான் இருந்தது.

அவன் என் கோப்பைப் புரட்டினான். சாதிச் சான்றிதழில் என் இனிஷியல் பெயருக்கு முன்னால். இருப்பிடச் சான்றிதழில் பின்னால். மாற்றுச் சான்றிதழில் இனிஷியலே இல்லை, கூடவே ஒரு எழுத்துப் பிழை. "சார், இதுபடி பார்த்தா பாப்பாவுக்கு மூணு அப்பா" என்று கடை முழுக்கக் கேட்கும்படிச் சொன்னான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மிச்ச இரண்டு பேர் எங்கே என்று வாசலைப் பார்த்தார்கள்.

அப்புறம் இந்தச் சமவாய்ப்பு எண். இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால் யாரை முன்னால் வைப்பது? கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், இயற்பியலைப் பார்ப்பார்கள், இப்படியே போய், பிறந்த தேதியைப் பார்ப்பார்கள். மூத்தவருக்கு முன்னுரிமை. அதிலும் சமமென்றால்தான் கம்ப்யூட்டர் கொடுத்த அந்த நீளமான எண். நான் இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. பதினேழு வருஷத்துக்கு முன்னால், மகளைச் சிசேரியன் செய்து எடுக்க டாக்டர் ஒரு தேதி சொன்னார். அன்று கரிநாள் என்று என் அம்மா இரண்டு நாள் தள்ளிப்போடச் சொன்னாள். "அன்னிக்கே எடுத்திருந்தா ரெண்டு நாள் மூத்தவளா இருந்திருப்பா, ரேங்க்கும் முன்னாடி வந்திருக்கும்" என்றாள் மனைவி. பதினேழு வருஷம் பத்திரப்படுத்தி வைத்திருந்த கோபம், வட்டியோடு வந்தது. என் அம்மாவோ சளைக்காமல் அந்த நீள எண்ணைத் தாளில் எழுதி வாங்கி, இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து, "எட்டு வருதேடா, இதை மாத்தித் தரச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள்.

இதற்குள் கல்லூரிகளிலிருந்து போன் வர ஆரம்பித்துவிட்டது. மதிப்பெண்ணும் என் நம்பரும் இவர்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. மாவு மில்லாகத்தான் இருக்க வேண்டும். ஒரு கல்லூரியிலிருந்து தினம் ஒரு பெண் பேசினாள். "சார், காலை வணக்கம், நல்லா இருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பாள். என்னை அப்படிக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. லேப்டாப் தருவோம் சார், வீட்டு வாசலுக்கே பஸ் சார், வகுப்பறை எல்லாம் ஏ.சி. சார் என்று அவள் சொல்ல, எனக்கு முழங்கால் வலி ரொம்ப நாளாக இருக்கிறது அம்மா என்று நான் சொல்ல, நட்பு வளர்ந்தது. முடக்கத்தான் தோசை அவள் சொன்ன வைத்தியம்தான். ஒருநாள் மகளே போனை எடுத்து, உங்க கல்லூரியில் பேராசிரியர்கள் எத்தனை பேர், ஆய்வகம் எப்படி, வேலை கிடைத்தவர்களின் பட்டியலை அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் போன் செய்வதில்லை. முழங்கால் வலி மட்டும் இருக்கிறது.

விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்துகிற நாள் வந்ததும் கூடத்தில் மாநாடு கூடியது. தமிழ்நாட்டில் நானூறுக்கு மேல் பொறியியல் கல்லூரிகள். எத்தனை வேண்டுமானாலும் பட்டியலில் போடலாம், வரிசைதான் முக்கியம். போன வருஷத்துக் கட்-ஆஃப் பட்டியல் முழுவதையும் நான் பிரிண்ட் எடுத்து, துணிக்கடைப் பையில் போட்டுத் தோளில் சுமந்து வந்திருந்தேன். மகள் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது எல்லாமே போன்ல இருக்குப்பா" என்றாள். பை இன்னும் பரண்மேல் இருக்கிறது.

முதலிடத்தில் கிண்டியைப் போடு என்றேன். 1794இல் நில அளவைப் பள்ளியாக ஆரம்பித்த இடம். கலந்தாய்வுப் பட்டியலிலேயே அதற்குத்தான் எண் 1. வரலாறு படித்தவன் வேறு எதைச் சொல்வான்?

"182.5க்கு அங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காதுப்பா."

"கேட்டுப் பார்க்கிறதுல என்ன தப்பு?"

அவள் ஒன்றும் சொல்லாமல் போட்டாள். அதுதான் மாநாட்டில் நிறைவேறிய என்னுடைய ஒரே தீர்மானம்.

கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் வந்திருந்த மைத்துனன் சாஃப்ட்வேர்க்காரன். "மாமா, ஏ.ஐ. டேட்டா சயின்ஸ். யோசிக்கவே யோசிக்காதீங்க" என்றான். உங்க கம்பெனியிலேயே ஏ.ஐ. வந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதாகப் போன வாரம் புலம்பினாயே என்றேன். "அதனாலதான் மாமா. அனுப்புற பக்கம் நிக்கணும்" என்றான். என் பெரியம்மா, பெண் பிள்ளைக்கு டீச்சர் வேலையைவிட என்ன இருக்கிறது, மே மாதம் லீவு என்றாள். எதிர்வீட்டு ஐயா ராமானுஜனை எடுத்தார். கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார், சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை, 1912இல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை, அப்புறம் உலகமே திரும்பிப் பார்த்தது என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தார்.

"அப்ப நான் ஃபெயிலாகணுமா தாத்தா, துறைமுகத்துல சேரணுமா?" என்றாள் மகள்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் அவள் சொன்னாள். "இந்த லிஸ்ட் உங்க எல்லாருக்காகவும் போடுறேன். எனக்கு பி.எஃப்.எஸ்சி. போதும். தனியா அப்ளை பண்ணிட்டேன்."

பி.எஃப்.எஸ்சி. என்றால் ஃபைனான்ஸ் என்று நினைத்து மைத்துனன் கைதட்டினான். மீன்வள அறிவியல் என்று அவள் விரித்துச் சொன்னதும், நெட்வொர்க் போய்விட்டதாகச் சொல்லித் திரையிலிருந்து மறைந்தான்.

இது எங்கிருந்து முளைத்தது என்று யோசித்தபோதுதான் தெரிந்தது, விதைத்தவனே நான்தான். பதினொன்றில் பயோ-மேத்ஸ் எடுக்கச் சொன்னதும் நான். டாக்டர் இல்லாவிட்டால் இன்ஜினியர், இரண்டு கதவும் திறந்திருக்கட்டும் என்ற ராஜதந்திரம். மூன்றாவதாக ஒரு கதவு இருப்பது எனக்குத் தெரியாது. டாக்டர் கதவை அவள் அப்போதே சாத்திவிட்டாள். "ரத்தத்தைப் பார்த்தா ஒண்ணும் இல்லப்பா, நோயாளியைப் பார்த்தாத்தான் எரிச்சலா வருது" என்றாள். அதற்கு மேல் நானும் நீட் பற்றிப் பேசவில்லை. நாளைக்கு எனக்கே வைத்தியம் பார்க்க நேர்ந்தால்?

ஞாயிற்றுக்கிழமை உறையூர் மீன் மார்க்கெட்டுக்கு நான் தனியாகப் போனால் ஏமாந்து வருவேன் என்று, எட்டாவது படிக்கும்போதிருந்தே அவளைத் துணைக்கு அனுப்பிவந்தாள் மனைவி. வருகிற வழியில் வாங்கித் தரும் ரோஸ்மில்க்குக்காக வருகிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவளோ மீன்கார அக்காவிடம் இது எந்தக் கடல், எப்போது பிடித்தது, ஏன் இந்த மாதம் முட்டை இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்ப்பாள், கண் தெளிவாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். போன மே மாதம் விலையைக் கேட்டு நான் அக்காவோடு சண்டைக்குப் போனபோது, "ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம்ப்பா, விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் குஞ்சு பொரிக்கிற நேரம், அவங்க என்ன பண்ணுவாங்க?" என்று நடு மார்க்கெட்டில் என்னை அடக்கினாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் வீட்டில் சொல்லவில்லை.

அன்றிரவு கடைசி ஆயுதமாகக் கலாமை எடுத்தேன். விமானப்படையில் விமானியாகச் சேர டேராடூன் போனார். இருந்தது எட்டு இடம், அவர் வந்தது ஒன்பதாவதாக. மனம் தளர்ந்தாரா? வேறு வழியில் எங்கேயோ போய்விடவில்லையா? ஆக, நாம் ஆசைப்படுவது ஒன்று, கிடைப்பது ஒன்று, அதுவும் நல்லதுக்கே என்று உருக்கமாக முடித்தேன். அவளும் பொறுமையாகக் கேட்டாள்.

"அவர் ஊர் எதுப்பா?"

"ராமேஸ்வரம்."

"அவங்க அப்பா என்ன வச்சிருந்தார்?"

படகு என்று சொல்வதற்குள் எனக்கே கேட்டுவிட்டது. சமையலறையிலிருந்து மனைவி சிரித்தாள்.

இனி விவரம் சேகரிப்பது ஒன்றுதான் பாக்கி. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977இல் தொடங்கியது. 2012இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாக வைத்து மீன்வளத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் வந்து, அதன் கீழ் போயிருக்கிறது. நாலு வருஷப் படிப்பு. மீன் வளர்ப்பு, நோய், வலை, படகு, பதப்படுத்துதல், ஏற்றுமதி என்று எல்லாம் உண்டு. மாநிலத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரையை வைத்துக்கொண்டு நான் குழம்பைத் தாண்டி யோசித்ததே இல்லை. இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கே சேர்ந்துவிடலாம் போலிருந்தது. வயது வரம்பு இருக்கும் என்று மனைவி சொன்னாள்.

இந்த மொத்த விவகாரத்திலும் என்னைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத காரியம் ஒன்று இருந்தது. ஓடிபி. விண்ணப்பத்தில் கொடுத்திருந்த நம்பர் என்னுடையது. ஆகவே அவள் என்ன முடிவெடுத்தாலும் என் செல்போன் ஒருமுறை சிணுங்கித்தான் ஆக வேண்டும். குடும்பத் தலைவன் என்ற பதவியில் மிச்சமிருந்த ஒரே அதிகாரம் அதுதான். அதையும் சத்திரத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் பறிகொடுத்தேன். நின்றபடி வருகிறேன், ஒரு கை கம்பியில், கண்ணாடி பையில். மகள் போனில்: "சீக்கிரம்ப்பா, ரெண்டு நிமிஷத்துல போயிடும்." எனக்கு எழுத்துகள் எறும்பூர்வது போல் தெரிகின்றன. ஆறா எட்டா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் கையிலிருந்து போனை வாங்கி, கணீரென்று ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். பஸ்ஸே திரும்பச் சொன்னது. அந்தப் பக்கத்திலிருந்து "ஓகே தாத்தா" என்று கேட்டது.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கேட்டார்: "பாப்பா கட்-ஆஃப் எவ்வளவு?"

கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். உறையூர் வருவதற்குள் எனக்கு இலவசமாக நான்கு படிப்புகள் கிடைத்தன. டிரைவர் மட்டும் பாலிடெக்னிக் என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து.

பொறியியல் ஒதுக்கீடு வந்தது. கிண்டி கிடைக்கவில்லை, கேட்டுப் பார்த்ததில் தப்புமில்லை. மைத்துனன் பரிந்துரைத்த அந்த ஏ.ஐ. ஒரு கல்லூரியில் கிடைத்திருந்தது. அதன் ஊர்ப் பெயரைக் கூகுள் வரைபடத்தில் பெரிதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு காற்றாலை வந்தது. திரையில் ஐந்து வழி கொடுத்திருந்தார்கள். மகள் ஒவ்வொன்றாகப் படித்தாள். ஏற்றுக்கொண்டு சேர்கிறேன். ஏற்கிறேன், ஆனால் இதைவிட மேலானது வந்தால் அதற்குப் போய்விடுவேன். இது வேண்டாம், மேலானது வந்தால் மட்டும் சொல்லுங்கள். வேண்டாம், அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்கிறேன். வேண்டவே வேண்டாம், விலகுகிறேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "அந்த ரெண்டாவதை இன்னொரு தடவை படி" என்றாள். படித்தாள். மனைவி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "எங்க காலத்துல இதெல்லாம் இல்லாம போச்சே" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள்.

மகள் கடைசி வழியைத் தேர்ந்தெடுத்தாள். தூத்துக்குடியிலிருந்து இடம் உறுதியாகியிருந்தது. 

உறவுக்காரர்களுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சமிருந்த கவலை. "பொண்ணு என்ன பண்ணுது?" "மீன் படிக்குது." இதற்கு மேல் அந்த உரையாடல் எந்தப் பக்கம் போனாலும் எனக்கு நல்லதில்லை. விவரக் கையேட்டைத் துழாவியதில் ஒரு வரி கிடைத்தது: பொதுத்துறை வங்கிகளில் விவசாயக் கள அலுவலர் தேர்வை மீன்வளப் பட்டதாரிகளும் எழுதலாம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டேன். இப்போது கல்யாண வீடுகளில் யார் கேட்டாலும், "பேங்க் ஆபீசர் லைன்ல போயிருக்கா" என்கிறேன். "பி.காமா?" என்றால், "அதைவிட ஆழம்" என்கிறேன். பொய் இல்லையே.

ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். முதல் மாதம் வீடு என்னவோ போலிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து தனியாகவே மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்கார அக்கா என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பாப்பா வரலையா சார்?"

"தூத்துக்குடி காலேஜ்ல சேர்ந்திருக்கு. மீன் படிப்பு."

"மீனுக்குப் படிப்பா? எத்தனை வருஷம்?"

"நாலு."

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "நம்மகிட்ட நாலு மாசம் விட்டிருந்தா நான் கத்துக் கொடுத்திருப்பேனே சார்" என்றவர், என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்தி, "கட்-ஆஃப் வரலையா?" என்றார்.

182.5 என்றேன்.

"நம்ம பையன் 191 சார். கம்ப்யூட்டர் சயின்ஸ், ரெண்டாவது வருஷம். முதல் பட்டதாரி சலுகையில 25,000 கழிஞ்சுது." கொஞ்ச நேரம் என்னையே பரிவோடு பார்த்தார். "விடுங்க சார், ஏதோ ஒண்ணு படிக்கட்டும். மனசை விட்டுடாதீங்க" என்று சொல்லி, ஒரு முழு வஞ்சிரத்தை எடுத்துப் போட்டு, கேட்காமலேயே கிலோவுக்கு நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார். உறையூர் மார்க்கெட்டில் எனக்கு யாரும் விலை குறைத்ததாகச் சரித்திரம் இல்லை. அதைத் துண்டு போடாமல் முழுசாகவே வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் பை வெளியே தெரிகிற மாதிரி பிடித்தபடி வந்தேன்.

மனைவி தட்டில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மகளுக்கு வீடியோ கால் போட்டு என் கையில் கொடுத்தாள். நான் விலையைச் சொன்னேன், அக்காவின் அன்பைச் சொன்னேன், மீனைத் தூக்கிக் காட்டினேன்.

"அப்பா, வால் பக்கம் முதுகுல குட்டிக் குட்டித் துடுப்பு வரிசையா இருக்கா?"

தேடினேன். இல்லை.

"வாயைத் திறங்க. உங்க வாய் இல்லப்பா. பல்லு நாய்ப் பல்லு மாதிரி கூர்மையா இருக்கா?"

இருந்தது.

"வஞ்சிரம் இல்லப்பா இது. ஊளி."

நான் அக்காவுக்காகவும் எனக்காகவும் சேர்த்து ஏதோ வாதாடப் பார்த்தேன். அதற்குள் அவளுடைய அறைத் தோழிகள் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். சின்ன ஊளியா பெரிய ஊளியா என்று ஒருத்தி ஆரம்பிக்க, வகுப்பில் போன வாரம்தான் நடத்தினார்களாம், ஒரே சத்தம். பெண்ணின் தோழிகள் என்பதால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, போன் கேமராவுக்கு நேராக நின்று, எல்லோரும் சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டேன்.

"அங்கிள்," என்றாள் அவர்களில் ஒருத்தி, ரொம்ப மரியாதையாக, "நீங்க கொஞ்சம் நகருங்க. மீன் மறையுது."